ஆன்லைனில் குவிஸ் நடத்துவது எப்படி: வேலூர் நண்பர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பள்ளித் தோழர்களில் ஒருவர் காட்பாடியில், இருவர் ஆம்பூரில், மூவர் பெங்களூரில், ஒருவர் துபாயில் என்று பிரிந்து கிடந்தாலும், சனிக்கிழமை இரவு குவிஸ் என்றால் எல்லோரும் வந்துவிடுவார்கள். அந்த இரவைக் கெடுப்பவை பெரும்பாலும் இரண்டு சண்டைகள். ஒன்று, “மச்சி, நான்தான் முதல்ல அனுப்புனேன்.” இன்னொன்று, “நான் சொன்னதும் சரிதானே, ஏன் மார்க் இல்ல?” முதல் சண்டையை ஆட்ட விதி தடுக்கும். இரண்டாவதைக் கேள்வி எழுதும்போதே தடுத்தாக வேண்டும். ஆடுபவர் எட்டு முதல் பன்னிரண்டு பேர், நான்கு அணி, ஒன்றரை மணி நேரம் என்ற அளவுக்கு இங்கே எல்லாக் கணக்கும் போடப்பட்டிருக்கிறது.

வேகத்துக்கு மதிப்பெண் வேண்டாம்

நேரில் நடக்கும் வினாடி வினாவில் யார் முதலில் கை தூக்கினார் என்பது கண்ணுக்குத் தெரியும். ஆன்லைனில் தெரியாது. கூகுள் மீட்டில் நீங்கள் ஸ்லைடு மாற்றினால் ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டுக்கு அது உடனே போய்விடும். மலைமேல் மொபைல் டேட்டாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு மூன்று வினாடி கழித்துப் போகலாம். வாட்ஸ்அப் நேரத்தை நிமிடக் கணக்கில்தான் காட்டும். 9:14க்கு வந்த நான்கு விடைகளில் எது முந்தியது என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உங்கள் போனில் முதலில் தெரியும் செய்தி முதலில் வந்து சேர்ந்த செய்தி. முதலில் அனுப்பிய செய்தியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

காஹூட் போன்ற குவிஸ் செயலிகளில் இதே சிக்கல் மறைவாக இருக்கிறது. அதன் வழக்கமான கணக்கில் சரியான விடைக்கு அதிகபட்சம் 1000 புள்ளி. நேரம் ஓட ஓடக் குறைந்து, கடைசி நொடியில் அழுத்தினால் 500. 20 வினாடிக் கேள்வியில் ஒருவருக்குத் திரை 2 வினாடி தாமதமாக வந்தால் அவர் இழப்பது 50 புள்ளி. இருபது கேள்வியில் அது 1000 ஆகிறது, அதாவது ஒரு முழுக் கேள்வி. விடை தெரிந்தும் நெட்வொர்க்கால் தோற்பார். காஹூட்தான் வேண்டும் என்றால் நேரத்தை 60 வினாடியாக வையுங்கள். அதே தாமதத்தின் இழப்பு 17 புள்ளிக்குள் அடங்கிவிடும். கேள்வியும் விடைகளும் ஆடுபவரின் போனிலேயே தெரியும்படியான அமைப்பையும் போட்டுவிடுங்கள். கேள்விக்கு அதில் 120 எழுத்து வரம்பு உண்டு. தமிழில் எழுதும்போது இது சீக்கிரம் தீர்ந்துவிடும். ‘வேலூர்’ நமக்கு மூன்று எழுத்து. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு ஆறு.

கீழே சொல்லும் முறையில் வேகத்துக்கு இடமே இல்லை. எல்லா அணிக்கும் ஒரே நேரம். அந்த நேரத்துக்குள் எப்போது அனுப்பினாலும் ஒரே மதிப்பெண்.

ஆள், கருவி, நேரம்

கேள்வி கேட்பவர் ஒருவர், மதிப்பெண் குறிப்பவர் ஒருவர். இரண்டையும் ஒருவரே செய்ய முயன்றால் ஐந்தாவது கேள்விக்குள் கணக்கு தவறும். மற்றவர்களை இரண்டு மூன்று பேராகப் பிரித்து நான்கு அணி ஆக்குங்கள். நன்றாக ஆடும் நால்வரை முதலில் நான்கு அணிக்கும் பங்கிட்டுவிட்டு மிச்சப் பேரைக் குலுக்கல் போடுவது நல்லது. கணவன் மனைவி, அண்ணன் தம்பி என்று ஒரே வீட்டில் இருப்பவர்களை ஒரே அணியில் போடுங்கள். எதிரணியில் இருந்தால் ஒருவர் கிசுகிசுப்பது இன்னொருவர் காதில் விழத்தான் செய்யும். அணிகளுக்கு நம் பக்கத்து ஆறுகளின் பெயரே போதும்: பாலாறு, பொன்னை, செய்யாறு, கவுண்டன்யா.

கேள்வி கேட்பவருக்கு இரண்டு கருவி தேவை. லேப்டாப்பில் ஸ்லைடு, விடைகள் வந்து சேர போன். லேப்டாப்பிலேயே வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்தால் ஒரு அணியின் விடை எல்லோர் திரையிலும் ஒரு கணம் மின்னிவிடும், அந்தக் கேள்வி அத்தோடு செத்தது. முழுத் திரையைப் பகிராமல் ஸ்லைடு ஓடும் ஜன்னலை மட்டும் பகிருங்கள். ஒவ்வொரு அணிக்கும் தனி வாட்ஸ்அப் குழு தொடங்கி அதில் கேள்வி கேட்பவரையும் சேர்த்துவிடுங்கள். அணிக்குள் பேச்சும் அங்கேதான், விடையும் அங்கேதான். பேச்சு எது, விடை எது என்று குழம்பாமலிருக்க ஒரு விதி: ‘விடை’ என்ற சொல்லோடு தொடங்கும் செய்தி மட்டுமே கணக்கில் வரும், அதுவும் முதலாவது மட்டும்.

கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் மூவரோ அதற்கு மேலோ இருக்கும் அழைப்பு 60 நிமிடத்தில் முடிந்துவிடும். ஜூமில் 40 நிமிடம். ஆகவே ஆட்டத்தை இரண்டு பாதியாகப் பிரித்து இரண்டு இணைப்புகளை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். சுற்றுகளின் விதி பின்னால் வருகிறது. முதல் பாதியில் விதி சொல்ல 5 நிமிடம், எழுத்துச் சுற்று 13 நிமிடம், எட்டுக் கேள்விக்கு 24 நிமிடம்: மொத்தம் 42. பிறகு பத்து நிமிட இடைவேளை. இரண்டாம் பாதியில் எட்டுக் கேள்வி 24 நிமிடம், தொடர்புச் சுற்று 8 நிமிடம். ஜூம் என்றால் முதல் பாதியில் எழுத்துச் சுற்றுக் கேள்விகள் எட்டை ஆறாக்க வேண்டியிருக்கும்.

இரவு 9 மணி நமக்கு வசதி, துபாய்க்காரருக்கு 7:30. சிங்கப்பூரில் ஒருவர் இருந்தால் அவருக்கு 11:30 ஆகிவிடும், அப்போது 8 மணிக்கே தொடங்குங்கள். ரம்ஜான் மாதத்தில் ஆம்பூர், வாணியம்பாடி நண்பர்களுக்கு இரவுத் தொழுகை முடியும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது முறை. கோடையில் கரண்ட் போகும். கேள்வி கேட்பவர் வீட்டில் ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கட்டும். ஸ்லைடின் ஒரு பிரதி மதிப்பெண் குறிப்பவரிடமும் இருந்தால், நீங்கள் துண்டிக்கப்பட்டாலும் அவர் தொடர்ந்து நடத்தலாம்.

கேள்வி எழுதுவது

தொடர்புச் சுற்று நீங்கலாக மொத்தம் 24 கேள்வி, மாற்றுக்கு 4, சமன் முறிக்க 2. ஆக 30. நல்ல கேள்வி ஒன்றுக்குச் சரிபார்ப்பையும் சேர்த்து இருபது நிமிடமாவது ஆகும், அதனால் ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். இருபத்து நான்கில் ஆறு எளிது, பன்னிரண்டு நடுத்தரம், ஆறு கடினம். அவற்றில் 16 கேள்விக்காவது ஏதாவது ஒரு அணி விடை சொல்லியிருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் குற்றம் ஆடுபவர்மேல் இல்லை, கேள்வி எழுதியவர்மேல்.

‘வேலூர்ப் புரட்சி எந்த ஆண்டு?’ என்பது பரீட்சைக் கேள்வி. தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் சும்மா இருப்பார். அணிக்குள் பேச ஒன்றுமில்லை. நண்பர்கள் ஆடும் குவிஸுக்கு வேண்டியது, தெரிந்த துண்டுகளைக் கோத்து விடைக்கு வந்து சேரக்கூடிய கேள்வி. ஒன்றைப் பாருங்கள்:

“1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அது வந்து சேர்ந்த நிலையத்தின் பெயரில் ஒரு நவாபின் பெயர் இருக்கிறது. எந்த நிலையம்?”

ஆண்டு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ‘நவாப்’ என்றதும் ஒருவர் ஆற்காடு என்பார், இன்னொருவர் ஆற்காடு நவாபின் பெயர் முகமது அலி வாலாஜா என்பார், மூன்றாமவர் வாலாஜா ரோடு என்று முடிப்பார். அந்த முக்கால் நிமிடப் பேச்சுக்காகத்தான் எல்லோரும் வந்திருக்கிறார்கள். இதில் ‘பயணிகள்’ என்ற ஒரு சொல் போனால் கேள்வியே தவறு என்பதையும் கவனியுங்கள். செங்குன்றத்தில் கல் ஏற்றிச் செல்ல 1830களிலேயே தண்டவாளம் போட்டிருந்தார்கள்.

இன்னொரு வகை, எல்லோருக்கும் தெரிந்ததைத் திருப்பிப் போட்டுக் கேட்பது. ஆறு உண்டு தண்ணீர் இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை என்ற வேலூர்ச் சொலவடை ஊரில் பல வடிவங்களில் உலவுகிறது. “இதில் எந்தப் பகுதி 1981இல் பொய்யானது?” விடை கோயில். கோட்டைக்குள் நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலில் அந்த ஆண்டு லிங்கம் மீண்டும் நிறுவப்பட்டது. இது எளிய கேள்வி, முதல் சுற்றுக்கு ஏற்றது. விடை கேட்டதும் உள்ளூர்க்காரர்கள் முகத்தில் ஒரு மகிழ்ச்சி வரும்.

சர்ச்சை கிளம்பும் இடங்கள் பழகியவைதான். எழுதும்போதே அடைத்துவிடலாம்.

மாவட்டப் பெயர். பழைய பொது அறிவுப் புத்தகத்தைப் பார்த்து ‘ஏலகிரி எந்த மாவட்டம்?’ என்று கேட்டு ‘வேலூர்’ என்று விடை வைத்தால் அடி விழும். வட ஆற்காடு 1989இல் இரண்டானது. ஆரணி, செய்யாறு திருவண்ணாமலைப் பக்கம் போயின. 2019இல் வேலூர் மறுபடி மூன்றானது. ஏலகிரி, ஆம்பூர், வாணியம்பாடி, காவலூர் வானோக்கு நிலையம் எல்லாம் இன்று திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடும் அரக்கோணமும் ராணிப்பேட்டை மாவட்டம். ஊர் பற்றிய கேள்வியில் ‘இன்று’ அல்லது ‘அன்றைய’ என்ற சொல் கட்டாயம்.

ஒரே பெயரில் இரண்டு. திருப்பத்தூர் நம் பக்கமும் உண்டு, சிவகங்கைப் பக்கமும் உண்டு. ஆளின் பெயரிலும் இது வரும். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்து, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு மருத்துவம் தொடங்கியவர் யார் என்று கேட்டால் ‘ஸ்கடர்’ என்று மட்டும் சொல்வது போதாது. ஐடா ஸ்கடரின் தந்தையும் தாத்தாவும் அதே குடும்பப் பெயர் கொண்ட மருத்துவர்கள். எந்தக் கேள்விக்கு முழுப்பெயர் தேவை என்பதை ஸ்லைடிலேயே எழுதிவிடுங்கள்.

‘முதல்’ என்ற சொல். 1806 வேலூர்ப் புரட்சியை முதல் சுதந்திரப் போர் என்று கேள்வியில் எழுதினால் 1857 என்றும் பூலித்தேவன் என்றும் வாதம் கிளம்பி அரை மணி நேரம் போய்விடும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1971இல் நடந்தது இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று. ‘வெற்றிகரமான’ என்பதை விட்டால், மும்பையில் 1960களில் நடந்த முயற்சியை ஒருவர் எடுத்துக்காட்டுவார், அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். முதல், பெரிய, உயரமான என்ற சொற்கள் வரும் கேள்விக்கு இரண்டு வெவ்வேறு இடத்தில் சரிபாருங்கள். ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதப்பட்டிருந்தால் அது ஒரே இடம்தான்.

கூகுளில் தேடுவதை முழுதாகத் தடுக்க முடியாது. கேமராவை ஆன் செய்யச் சொல்வதும், நேரத்தை 45 வினாடிக்குள் வைப்பதும் ஓரளவு உதவும். அதைவிட உதவுவது கேள்வியின் அமைப்பு. அப்படியே தட்டச்சு செய்தால் விடை வரும் கேள்வி பலவீனமானது. எழுதி முடித்ததும் நீங்களே தேடிப் பாருங்கள், முதல் பக்கத்தில் விடை வந்தால் துப்பை மாற்றுங்கள். படக் கேள்வியில் முழுப் படத்தை வைத்தால் போனை நீட்டிய நொடியில் கூகுள் லென்ஸ் சொல்லிவிடும். ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடாவை முழுசாகக் காட்டாமல், பிட்ட உள்பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டுங்கள். பெரிய பரிசு வைக்காதீர்கள். தோற்றவர்கள் அடுத்த சந்திப்பில் பிரியாணி வாங்கித் தர வேண்டும் என்ற அளவே போதும்.

எழுதி முடித்ததும், ஆடப்போகாத ஒருவரிடம் முப்பதையும் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் தவறான விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தவறு நியாயமாகப்படுகிறதோ அங்கே கேள்வியில் ஓட்டை இருக்கிறது.

ஸ்லைடு

ஒரு கேள்விக்கு மூன்று ஸ்லைடு: கேள்வி, வெற்று ஸ்லைடு, விடை. நடுவில் இருப்பதைக் குவிஸ்காரர்கள் சேஃப்டி ஸ்லைடு என்பார்கள். கை தவறி ஒருமுறை கூடுதலாக அழுத்தினாலும் விடை வெளியே வராமல் அது காக்கும். பாதிப் பேர் போனில்தான் பார்ப்பார்கள், ஆகவே எழுத்தின் அளவு 28 பாயிண்டுக்குக் குறையக் கூடாது, கேள்வி நாற்பது சொல்லைத் தாண்டக் கூடாது. யூனிகோடில் மட்டும் எழுதுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் தட்டியது இன்னொரு கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு பெரும்பாலும் உடையாது. பாட்டு கேட்கவைப்பதாக இருந்தால் கூகுள் மீட்டில் லேப்டாப் குரோமிலிருந்து ‘டேப்’ பகிர்வையே தேர்ந்தெடுங்கள். ஜன்னலைப் பகிர்ந்தால் ஒலி போகாமல் போகலாம். ஜூமில் ஒலியைப் பகிரும் கட்டத்தைத் தனியாக டிக் செய்ய வேண்டும்.

பாய்ச்சலும் பாஸும்

இந்தியக் குவிஸ் மேடைகளில் வழங்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களை (pounce, bounce) தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பவுன்ஸ்’ ஆகிவிடும். ஆகவே இங்கே முந்திக்கொண்டு விடை அனுப்புவதற்குப் பாய்ச்சல் என்றும், கேள்வி அணி அணியாகச் சுற்றுவதற்குப் பாஸ் என்றும் பெயர்.

கேள்வியை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். “பாய்ச்சல் திறந்திருக்கு” என்று சொல்லி 45 வினாடிக்கு டைமர் போடுங்கள். எந்த அணியும் தன் குழுவில் விடை அனுப்பலாம்: சரி என்றால் +10, தவறு என்றால் -5. நான்கு அணியும் பாய்ந்து நான்குக்கும் சரியாக இருந்தால் நான்குக்கும் 10. யார் முந்தினார் என்ற கேள்வியே எழாது. டைமர் முடிந்ததும் “பாய்ச்சல் மூடியாச்சு” என்று சொல்லுங்கள்; உங்கள் போனில் அதற்குப் பின் வந்த எதுவும் செல்லாது. யார் பாய்ந்தார்கள் என்று மட்டும் அறிவியுங்கள், சரியா தவறா என்று இப்போது சொல்லாதீர்கள்.

பாயாத அணிகளுக்கிடையே இனிக் கேள்வி சுற்றும். முறை பாலாற்றுடையது என்று வைத்துக்கொள்வோம். பாலாறு 20 வினாடிக்குள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சரி +10, தவறு 0. தவறினால் பொன்னை, அடுத்து செய்யாறு என்று போகும். செய்யாறு சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி அதற்குப் பின்னால் உள்ள கவுண்டன்யாவில் தொடங்கும். சுற்றில் யாருமே சொல்லாவிட்டால், முறை இருந்த பாலாற்றுக்கு அடுத்த பொன்னையில் தொடங்கும். பாய்ந்த அணியின் முறை வந்தால் அதைத் தாண்டிப் போங்கள். முதல் பாதி எட்டுக் கேள்வியும் இந்த வரிசையில். இரண்டாம் பாதியில் வரிசையைத் தலைகீழாக்குங்கள். இல்லாவிட்டால் வலுவான அணிக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு இரவு முழுக்க மிச்சம் மீதியே கிடைக்கும்.

எழுத்துச் சுற்றில் எட்டுக் கேள்வியையும் ஒரு நிமிடத்துக்கு ஒன்றாகக் காட்டுங்கள். கடைசியில் ஒரே செய்தியாக எட்டு விடையும் அனுப்ப வேண்டும். தலா 10, தவறுக்குக் கழிவு இல்லை. இதைக் கூகுள் ஃபார்மில் வைத்துத் தானாகத் திருத்தவிட்டால், எழுதும் விடைகளில் ‘ராணிப்பேட்டை’ சரியாகி ‘இராணிப்பேட்டை’ தவறாகிவிடும். எட்டுக் கேள்விதானே, கண்ணால் திருத்துங்கள்.

கடைசியில் தொடர்புச் சுற்று ஒன்று. நான்கு துப்பு ஒவ்வொன்றாக வரும், எல்லாம் ஒரே விடைக்கு இட்டுச் செல்லும். முதல் துப்பிலேயே அனுப்பினால் +40 அல்லது -20. இரண்டாவதில் +30, -15. மூன்றாவதில் +20, -10. நான்காவதில் +10, கழிவு இல்லை. ஓர் அணிக்கு ஒரே வாய்ப்பு. துப்புகளைக் கடினத்திலிருந்து எளிதுக்கு அடுக்குங்கள். உதாரணமாக: 1751இல் ஒரு முற்றுகை, ராயப்பேட்டை அமீர் மகால், கோடம்பாக்கம்-வடபழனி வழியே போகும் சாலை, மக்கன் பேடா. விடை ஆற்காடு. மக்கன் பேடாவை முதலில் வைத்தால் நான்கு அணிக்கும் நாற்பது போய்விடும்.

நேரம் ஒத்துவராத குழுவுக்கு

எல்லோரும் ஒரே நேரத்தில் வர முடியாதபோது டெலிகிராமின் குவிஸ் பாட் உதவும். அதில் புது குவிஸ் தொடங்கி, தலைப்பு கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் வாக்கெடுப்பு வடிவில் சேர்த்து, சரியான விடையைக் குறித்து, கேள்விக்கு 30 வினாடி என்று நேரம் வையுங்கள். விடைகளின் வரிசையைக் கலைக்கும் அமைப்பையும் தேர்ந்தெடுங்கள். இணைப்பை அனுப்பினால் ஒவ்வொருவரும் தனக்கு வசதியானபோது ஆடலாம். குழுவிலேயே ஆடுவதாக இருந்தால் இருவராவது தயார் என்று அழுத்தினால்தான் தொடங்கும். விடைக்குப் பின் காட்டும் விளக்கத்துக்கு 200 எழுத்துதான் இடம். வாட்ஸ்அப் வாக்கெடுப்பு இதற்கு ஆகாது, யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்று உடனே தெரிந்துவிடும்.

சமன், முறையீடு

இரண்டு அணி சமமாக முடிந்தால் எண்ணைக் கணிக்கும் கேள்வி கேளுங்கள். “காவலூரில் வைணு பாப்பு பெயரில் உள்ள தொலைநோக்கியின் ஆடி எத்தனை சென்டிமீட்டர் குறுக்களவு?” விடை 234. நெருங்கிய எண் சொன்ன அணிக்கு வெற்றி. இரண்டு அணியும் ஒரே தூரத்தில் நின்றால் இரண்டாவது எண் கேள்வி இருக்கிறது.

முறையீட்டை அடுத்த கேள்வி திரைக்கு வரும் முன் செய்தாக வேண்டும். ஆதாரம் காட்டச் சொல்லி ஒரு நிமிடம் கொடுங்கள். கேள்வி தவறு என்று தெரிந்தால் அதை ரத்து செய்து, பாய்ச்சலில் கழித்ததைத் திருப்பிக் கொடுத்து, மாற்றுக் கேள்வியை அதே அணியில் தொடங்குங்கள். இரண்டு விடைக்கும் இடம் இருந்தது என்று தெரிந்தால் இரண்டுக்கும் மதிப்பெண். மறுநாள்தான் தவறு தெரியவந்தது என்றால் சரியான தகவலைக் குழுவில் போட்டுவிடுங்கள். முடிவை மாற்ற வேண்டாம்.